நான்காவது புகைபோக்கி

தலைமயிர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு அதைவிட மெல்லிய பொருள் உலகத்தில் இல்லையென்றே தோன்றும்; ஆனால் சென்ற பதினான்கு மாதங்களாக நான் மானசீகமாகக் குடியிருந்த இடத்தில் அந்த மயிர் ஓரங்குலப் பருமனுள்ள இரும்பு வடம். அங்கே மனிதன், பொன்னியரிசி மணியொன்று நிமிர்ந்து நின்றாற்போல, ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். நான் ஒருமுறை பூசுகிற வர்ணம் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள காரைப் பூச்சு. மேஜைமேல் படிகிற தூசி, கப்பல் தளத்தில் உருண்டு கிடக்கும் பாறைத் துண்டுகள். முந்நூற்றைம்பதில் ஒன்று என்னும் அந்தப் பிரமாணத்தில், 118 மீட்டர் நீளத்தோடு சமுத்திரத்தில் மிதந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், 34 சென்டிமீட்டராகச் சுருங்கி, என் மனைவி கறிகாய் நறுக்குவதற்காக வாங்கி நான் கைப்பற்றிக்கொண்ட ஒரு மரப்பலகையின் மீது சிறிது சிறிதாக உருவாகிவந்தது.

எம்டன் என்ற பெயரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கப்பல் இன்னதென்று அறியாதவர்கள்கூட, சூழ்ச்சிக்காரன் ஒருவனை "அவன் சரியான எம்டன்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். ஒரு பட்டணத்தின் மீது பத்து நிமிஷ நேரம் குண்டு போட்டுவிட்டு இருளில் மறைந்துபோன கப்பலொன்று, அந்தப் பட்டணத்தாருடைய பாஷையில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு குணப்பெயராக நிலைத்து நிற்பது விசித்திரந்தான். ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது, "மாமா, நம்ம ஊர்க் கப்பல்" என்று சொல்லி, எம்டனின் மாதிரியைச் செய்வதற்கான பிளாஸ்டிக் உறுப்புகள் அடங்கிய பெட்டியொன்றை என் கையில் கொடுத்தான். நம்ம ஊர்க் கப்பல் என்று அவன் சொன்னதில் இருந்த அபத்தம் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் இருவருக்கும் அது சரியென்றே பட்டது.

இந்த வித்தைக்குள் நான் வந்த வழி பர்மா பஜார் வழி. 1971-ஆம் வருஷம், எனக்குப் பதினான்கு வயது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக ஏற்பட்ட அந்த நடைபாதைக் கடைகளில், டிரான்ஸிஸ்டர் ரேடியோக்களுக்கும் வாசனைச் சோப்புகளுக்கும் நடுவே, பாலிதீன் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதனுள் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் விமானம், துண்டு துண்டாக, முருங்கைக் காம்பில் இலைகள் இருப்பதுபோல ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குக் கிடைத்த பணம் முழுவதையும் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு, எதிரே உயர்நீதிமன்றத்து மதிலோரமாக நடந்து வரும்போதுதான், 1914-இல் எம்டன் போட்ட குண்டு விழுந்த இடம் என்று அறிவிக்கும் பலகையை முதன்முதலாகப் படித்தேன். விமானத்தை அன்றிரவே ஒட்டி முடித்துவிட்டேன். இறக்கைக்கு இறக்கை முக்கால் சாணுக்குக் குறைவாயிருந்த அந்த உருவத்தில் விமானியின் கண்ணாடி மூடியின்மேல் என் பெருவிரல் ரேகை, போலீஸ் ஸ்டேஷனில் எடுத்து வைத்ததுபோல, சுழி சுழியாகப் பதிந்து கிடந்தது. அதைக் கழுவித் துடைக்கப் போய், பசை கண்ணாடியையே கரைத்துப் பாலாடை படியச் செய்துவிட்டது. உலகத்தில் சில பிழைகள் திருத்தப்போனால் மட்டுமே பெரிதாகின்றன என்பதை அன்று அறிந்தேனென்று சொல்ல ஆசைதான். உண்மையில் அன்று நான் அழுதேன்.

பசை என்று சொல்கிறோமே, அது பசையே அல்ல. பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக்கை அது கரைக்கிறது. கரைந்த இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு, கரைப்பான் ஆவியாகிப் போன பிற்பாடு ஒரே பொருளாக இறுகிவிடுகின்றன. தண்ணீரைப்போல நீர்த்த அந்தத் திரவத்தைத் தூரிகை நுனியில் எடுத்து, சேர்த்துப் பிடித்த இரண்டு பாதிகளின் இடுக்கில் ஒரு துளி வைத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது தானே ஓடி இடுக்கு முழுவதும் பரவுவதைப் பார்ப்பது இந்தத் தொழிலின் சின்ன சந்தோஷங்களில் ஒன்று. அவசரக்காரன் குழாய்ப்பசையைப் பிதுக்குகிறான். பழகினவன் துளியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

உறுப்புகளைச் சட்டத்திலிருந்து நறுக்கி எடுப்பதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. உறுப்பை ஒட்டினாற்போல ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் அதிர்ச்சியில் வெளுத்து, அந்த வெளுப்பு உள்ளே இறங்கிவிடும். முதலில் சற்றுத் தள்ளி நறுக்கி, பிறகு மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400, 800, 1200 என்று படிப்படியாக நயமாகும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கப்பலின் பாய்மரம் போன்ற உருளை வடிவங்களுக்கு அச்சின் இரண்டு பாதிகளும் சேருகிற இடத்தில் ஒரு வரம்பு நிற்கும். அதைத் தேய்த்து எடுக்கப்போனால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அதனால் பாய்மரங்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் பித்தளைக் குழாயில் செய்துகொண்டேன். பீரங்கிகளுக்கு நான் கண்ட உபாயம் மருந்துக்கடையில் இருந்தது. எம்டனில் பீரங்கிகள் பத்து: முகப்பில் இரண்டு, பின்புறத்தில் இரண்டு, இருபக்கமும் மும்மூன்று; வாய் விட்டம் 10.5 சென்டிமீட்டர், குழலின் நீளம் நாலு மீட்டருக்கு மேல். என் உலகத்தில் அது 12 மில்லிமீட்டர் நீளமும், அரை மில்லிமீட்டர் பருமனும், நடுவே காற்றுப் போகிற துவாரமும் உள்ள ஒரு குழல். 25-ஆம் நம்பர் இஞ்செக்ஷன் ஊசி ஏறக்குறைய அதுவேதான். பத்து ஊசி வேண்டும், மருந்து வேண்டாம், சிரிஞ்சும் வேண்டாம் என்று கேட்ட அறுபது வயதுக்காரனை அந்தக் கடைப் பையன் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

முப்பத்தைந்து வருஷம் ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். அளவுகோலைப் பிடித்த கை ஆகையால், மாதிரி செய்வதென்பது கணக்கு வித்தை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்: அசலின் ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணால் வகுத்துவிட்டால் நகல் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். எம்டனைச் செய்யத் தொடங்கிய பிறகுதான், நான் சுருக்கிக்கொண்டிருப்பது கப்பலை அல்ல, கப்பலுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள தூரத்தை என்பது மெல்ல மெல்லப் புலப்பட்டது. மேஜைமேல் ஓரடி தூரத்தில் வைத்து நான் பார்க்கிற இந்த உருவம், கடலில் 350 அடி தள்ளி ஒரு படகில் நின்று அசலைப் பார்த்தவனுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ அப்படித் தெரிய வேண்டும். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் தகடுகளைப் பிணைத்த ஆணித்தலைகள் தெரியா. கைப்பிடிக் கம்பிகள் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். கறுப்பு முழுக் கறுப்பாக இராது. கணக்குப்படி இருக்க வேண்டியது ஒன்று. கண்ணுக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. இரண்டுக்கும் விரோதம் வருகிற இடங்களில் எந்தப் பக்கம் சாய்வது என்பதே இந்தத் தொழிலில் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் பொறுமையும் வெளிச்சமும் இருந்தால் யாருக்கும் வந்துவிடும்.

இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமை கொள்ள முடியாது. யுத்தகாலத்தில் இது இராணுவப் பாடமாகவே இருந்தது. எழுபத்திரண்டில் ஒன்று என்கிற விமான அளவு, ஆறடியை ஓரங்குலமாக்குகிற ஆங்கிலேயக் கணக்கிலிருந்து பிறந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை இந்த அளவில் ஐந்து லக்ஷம் விமானங்களை மரத்தில் செதுக்கித் தரும்படி அந்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டது. அவற்றைக் கறுப்பாக வர்ணமடித்து 35 அடி தூரத்தில் தொங்கவிட்டால், பார்க்கிற சிப்பாய்க்கு அது ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் பறக்கும் விமானம். தன்னுடையதா, சத்துருவினுடையதா என்பதை அவன் ஒரு க்ஷணத்தில் சொல்லப் பழக வேண்டும். சக்கரமில்லை, கதவில்லை, விமானியில்லை, நிழலுருவம் மட்டும். அந்தக் கறுப்பு மரத்துண்டுகளில் ஒன்றை, இன்று கண்காட்சிகளில் பரிசு பெறுகிற, இயந்திரத்தின் உள்குழாய்கள் வரையில் திறந்து காட்டுகிற மாதிரிகளோடு பக்கத்தில் வைத்தால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் எது விமானத்தைப்போல இருக்கிறது என்று முப்பத்தைந்து அடி தள்ளி நின்று கேட்டால் அவ்வளவு சிரிப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

கப்பலுக்கு வருவோம். டான்ஸிக் நகரத்து அரசாங்கக் கப்பல்துறையில் 1908 மே மாதத்தில் நீரில் இறக்கப்பட்டு, மறு வருஷம் கடற்படையில் சேர்ந்த எம்டன், நீராவிச் சுழலிகள் வந்துவிட்ட காலத்திலும் பழைய பிஸ்டன் இயந்திரத்தோடு கட்டப்பட்டது. உடன்பிறப்பான டிரெஸ்டன் கப்பலுக்குச் சுழலிகளும் நான்கு உந்துவிசிறிகளும் உண்டு. எம்டனுக்கு விசிறி இரண்டே. இதில் கவனம் தப்பினவன் எம்டனைச் செய்வதாக நினைத்துக்கொண்டு டிரெஸ்டனைச் செய்துவிடுவான், தண்ணீருக்குக் கீழே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று தேற்றிக்கொள்ளவும் செய்வான். ஜப்பானிய ஷிஸுவோகா நகரத்துக் கம்பெனிகள் நான்கு கூடி 1971-இல் ஆரம்பித்த வரிசையில் இந்தத் தொல்லையே கிடையாது; அந்தக் கப்பல்களுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே உடம்பே இல்லை, மேஜையே சமுத்திரம். அந்த முறைமேல் எனக்கு மதிப்பு உண்டு. கப்பலை எவரும் தண்ணீரோடு சேர்த்துத்தானே பார்க்கிறார்கள்? ஆனால் எம்டனின் முன்புறத்தில், நீருக்கடியில் யானைத் தந்தம்போல முன்னே நீளும் அந்த மூக்கை அறுத்து எறிய எனக்கு மனம் வரவில்லை.

வர்ணத்தில்தான் நான் தோற்றேன். அந்தத் தோல்வியைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும். சமாதான காலத்தில் சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்தபோது எம்டனுக்கு உடலெல்லாம் வெள்ளை, புகைபோக்கிகள் மட்டும் மங்கிய மஞ்சள்; 'கிழக்கின் அன்னம்' என்று அதற்குப் பெயரே உண்டு. யுத்தம் மூண்டதும் அன்னம் சாம்பல் நிறமாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் புறப்பட்டுப் போனது நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான ஸிட்னியிடம் சிக்கி, வட கீலிங் தீவின் பவளப்பாறையில் தன்னைத் தானே ஏற்றிக்கொள்ளும் வரையில், பழுது பார்க்க ஒரு துறைமுகத்தையும் அடைய முடியாமல், பிடிபட்ட கப்பல்களின் நிலக்கரியை நடுக்கடலில் பக்கத்தோடு பக்கம் உரசி ஏற்றிக்கொண்டு திரிந்தது. அப்படியானால் அதன் விலாவில் சாம்பல் வர்ணம் உரிந்து பழைய வெள்ளை தெரிந்திருக்க வேண்டுமல்லவா? சரித்திரம் நடந்த வரிசையிலேயே நானும் பூசுவதென்று தீர்மானித்தேன்: முதலில் துரு, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் சாம்பல்.

மேல்பூச்சு உரிந்தாற்போலக் காட்டுவதற்கு உப்பு முறை என்று ஒன்று உண்டு. அடிப்பூச்சை ஈரப்படுத்தி அதன்மேல் உப்புத்தூளைத் தூவி, உலர்ந்தபின் மேல்வர்ணத்தை ஏர்பிரஷ்ஷால் பீய்ச்சி, பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்துவிட்டால், உப்பு இருந்த இடமெல்லாம் அடிப்பூச்சு வெளிப்படும். குளிர்ந்து உலர்ந்த தேசங்களில் எழுதப்பட்ட முறை இது. ஐப்பசி மாதத்துச் சென்னையில், கடற்கரையிலிருந்து இரண்டு மைலில், உப்பு உலருமா? ஜாடியில் இருக்கிற உப்பே கசிகிற மாதம் அது. மூன்று நாள் காத்திருந்தேன். நாலாம் நாள் பொறுமையிழந்து வர்ணத்தைப் பீய்ச்சினேன். காற்றிலுள்ள ஈரம் வர்ணத்தோடு கலந்து, சாம்பல்மேல் பூசணம் பூத்தாற்போல வெண்மை படர்ந்தது. கசிந்த உப்பு ஓடின இடமெல்லாம் கோடு கோடாக வழிந்தது. தேய்த்தபோது உரிய வேண்டிய இடம் உரியாமல் உரியக்கூடாத இடம் உரிந்தது. மழைக்காலத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த சத்திரத்துச் சுவர் ஒன்று என் கையில் இருந்தது.

ஈரப்பதத்தைக் குற்றம் சொல்லிவிட்டு மறுபடியும் கோடையில் அதையே செய்திருப்பேன். நல்ல வேளையாக, கோபம் தணிந்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உப்புப் பரல் ஒன்று ஒரு மில்லிமீட்டர் என்றால், அசலில் அது 35 சென்டிமீட்டர். நான் தூவினது போல உண்மைக் கப்பலில் வர்ணம் உரிந்திருக்குமானால், சாப்பாட்டுத் தட்டுகள் அளவுக்குப் பொத்தல் பொத்தலாக உரிந்திருக்க வேண்டும். உரிந்தது என்னும் செய்தி சரி. 350 அடி தூரத்திலிருந்து அந்தச் செய்தி கண்ணுக்கு எட்டுமா என்பதை நான் யோசிக்கவேயில்லை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்தேன். தை பிறந்து காற்று உலர்ந்ததும் மறுபடி தொடங்கி, ஒரே சாம்பல் நிறத்தில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்து அடித்தேன், தூரத்துப் பொருளுக்கும் நமக்கும் இடையிலுள்ள காற்று எந்த நிறத்தையும் கொஞ்சம் வெளுக்கச் செய்துவிடுவதால். கரி ஏற்றின இடங்களில் மட்டும், மிகவும் நீர்த்த கறுப்பை ஒரு மூச்சு விட்டேன், வெள்ளையைக் காட்டவேயில்லை. அது அடியில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

கம்பிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறுப்புகளை நறுக்கியபின் மிஞ்சுகிற சட்டத்துண்டைக் குத்துவிளக்குச் சுடரின் மேலே, சுடரில் படாமல், உருட்டிக் காட்டி, அது இளகிப் பளபளக்கும் தருணத்தில் வெளியே எடுத்து இருகையாலும் இழுத்தால், ஜவ்வுமிட்டாய்போல நீண்டு மயிரைவிட மெல்லிய இழையாகிவிடும். வேகமாக இழுத்தால் இழை மெலியும், நிதானமாக இழுத்தால் தடிக்கும். முதல் நூறு இழைகள் வீண். இழுத்து ஒட்டின இழை சற்றுத் தொய்ந்திருந்தால், அணைத்த ஊதுவத்தியின் கனலை அருகே கொண்டுபோனால் போதும், தானாகவே விறைத்துக்கொள்ளும். ஒரு நூலிழை அதிகமாகக் கிட்டே போனால் அறுந்து சுருண்டுவிடும். பொய் சொல்ல வேண்டாம், இந்த வேலையில் எனக்கு ஆனந்தம் உண்டு. ஆனால் நிழற்படங்களில் எண்ணின கம்பிகளில் பாதியைத்தான் கட்டினேன். முழுவதையும் கட்டியிருந்தால் பாய்மரங்களுக்கு நடுவே சிலந்தி வலை பின்னினாற்போல இருந்திருக்கும்.

இனி, நான்காவது புகைபோக்கி. எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. வங்காள விரிகுடாவில் உலாவிய பிரிட்டிஷ் கப்பல்களில் யார்மத் போன்றவற்றுக்கு நான்கு. அதனால் கான்வாஸ் துணியையும் மரச்சட்டத்தையும் கொண்டு நான்காவது புகைபோக்கி ஒன்றை எம்டனின் மாலுமிகள் செய்து வைத்திருந்தார்கள். வேண்டும்போது தூக்கி நிறுத்துவது, வேண்டாதபோது மடக்கி வைப்பது. 1914 அக்டோபர் 28-ஆம் தேதி விடியற்காலத்தில் இந்தப் பொய்யை நிமிர்த்திக்கொண்டுதான் அது பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ருஷ்யக் கப்பலான ஜெம்சுக்கை மூழ்கடித்தது. வெளியே வரும்போது பிரெஞ்சுக் கப்பலான மூஸ்கேயையும்.

காப்டன் கார்ல் ஃபான் முல்லரை எல்லோரும் கனவான் என்கிறார்கள். பிடித்த கப்பல்களின் ஆட்களைப் பத்திரமாக அனுப்பிவைத்தவர் என்று சத்துருக்களே புகழ்ந்தார்கள். அதெல்லாம் இருக்கட்டும். என் மனத்தைக் கவர்ந்தவர்கள் பெயர் தெரியாத அந்தத் தச்சர்களும் துணி தைத்தவர்களும். அவர்கள் செய்தது ஒரு மாதிரி உருவம், அசல் அளவில். அதில் புகை வர வேண்டியதில்லை, இரும்பாக இருக்க வேண்டியதில்லை, ஆணிகள் வேண்டியதில்லை. விடியலின் அரைவெளிச்சத்தில், துறைமுகக் காவலன் நிற்கிற தூரத்திலிருந்து, அது புகைபோக்கியாகத் தெரிந்தால் போதும். என்னுடைய தொழிலின் முழு சாஸ்திரமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பிழை நேர்ந்தால் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வீண், அவர்களுக்குப் பிழை நேர்ந்தால் உயிர் போகும்.

பெட்டியில் இருந்ததோ மூன்று. நான்காவதை நானே செய்தேன், காகிதத்தில்: தினசரிக் காலண்டர் தாளை இரண்டாக மடித்துச் சுருட்டி, உள்ளே ஈர்க்குச்சியைப் பிளந்து சட்டமாக வைத்து, மற்ற மூன்றுக்கும் அடித்த அதே சாம்பல் நிறத்தை அடித்தேன். முடிந்தபின் பார்த்தால் தாளின் மடிப்புச் சுருக்கம் தெரிந்தது, விளிம்பு நேராக இல்லை, உள்ளே ஈர்க்கு தலைநீட்டிற்று. ஆயினும் அந்த முழுக் கப்பலிலும், இரும்பைப் பிளாஸ்டிக்காகவும் எஃகைப் பித்தளையாகவும் நான் பொய்யாக்கியிருக்கும்போது, அசலுக்குக் கிட்டத்தட்ட ஒரே ஜாதிப் பொருளால், ஒரே எண்ணத்தோடு செய்யப்பட்டது அந்தப் பொய்ப் புகைபோக்கி ஒன்றே என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதை ஒட்டவில்லை, ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஊரைச் சுட்ட கப்பலை இவ்வளவு ஆசையாகச் செய்வானேன் என்று கேட்டவர்கள் உண்டு. நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட அதன் மாலுமிகள் கடைசிச் சண்டையில் மாண்டார்கள்; இந்த ஊரில் அது போட்ட குண்டுகளால் துறைமுகத்தில் நின்ற கப்பலில் சிலர் மாண்டார்கள். போர்க்கருவிகளின் உருவங்களைச் செய்கிறவன் இதை அறியாதவன்போல நடந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகச் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. வேலின் அழகைப் பார்த்தவர்கள் வேலின் தொழிலை அறியாதவர்களா என்ன?

என் பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. தம்புச் செட்டித் தெருவில் வீடு. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி, நவராத்திரி தொடங்கி இரண்டு மூன்று நாட்களே ஆகியிருந்தன. பிறைச்சந்திரன் சாய்ந்துவிட்ட இருட்டில், கொலு பார்த்துவிட்டுத் தாயாரோடு வீடு திரும்பிய சற்று நேரத்துக்கெல்லாம் இடி இடித்தாற்போலக் கேட்டதென்றும், மாடிக்கு ஓடிப் பார்த்தால் துறைமுகத்துப் பக்கம் ஆகாசமே சிவந்திருந்ததென்றும் சொல்வாள். துறைமுகத்திலிருந்து 3000 கஜ தூரத்துக்கு வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தது எம்டன். இரண்டு நாள் கழித்துக் குடும்பத்தோடு காஞ்சீபுரத்துக்கு ரயில் ஏறினார்கள். கொலுப் பொம்மைகளைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனதுதான் பாட்டிக்குக் கடைசிவரை வருத்தம். பர்மா பஜாரிலிருந்து வந்த அந்த வாரத்தில் நான் அவளைக் கேட்டேன்:

"பாட்டி, கப்பல் எப்படி இருந்தது?"

"கப்பலை யாருடா கண்ணு பார்த்தா? நெருப்பைத்தான் பார்த்தோம்."

சென்ற நவராத்திரிக்கு என் மனைவி கொலு வைத்தாள். படிகளுக்குக் கீழே மணல் பரப்பி, கடுகு விதைத்துப் பூங்கா செய்வது எங்கள் வீட்டு வழக்கம். அதன் ஓரத்தில் நீலத்தாள் விரித்துக் கடலாக்கி எம்டனை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, பதினான்கு மாதம் பலகையை இழந்திருந்தவள், வேண்டாமென்று சொல்லவில்லை. 3000 கஜத்தை 350-ஆல் வகுத்தால் 26 அடிக்குக் கொஞ்சம் குறைவு. டேப்பை எடுத்து அளந்தேன். கொலுவிலிருந்து கூடத்தையும் ரேழியையும் கடந்தால் சரியாகச் சமையலறை வாசற்படி. மூன்றாம் நாள் இரவு, வந்தவர்கள் எல்லோரும் போனபின், மின்விளக்குகளை அணைத்துவிட்டுப் படியிலிருந்த ஒற்றைக் குத்துவிளக்கின் வெளிச்சத்தில் அந்த வாசற்படியில் நின்று பார்த்தேன். பீரங்கி ஊசிகள் இல்லை; இழைகள் இல்லை; கரிக்கறை இல்லை; சாம்பல் நிறமே இல்லை. கருநிறமாக ஒரு கீற்று, அதன்மேல் நிற்கும் மூன்று சிறு கோடுகள்.

போய்த் தீப்பெட்டியைத் திறந்து, காகிதப் புகைபோக்கியை எடுத்து, ஒரு கடுகளவு மெழுகில் அதை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து நின்றேன். மனைவி கையில் மறுநாளைக்கு ஊறவைக்கும் கடலையோடு பின்னாலிருந்து வந்தாள்.

"அந்தக் கப்பலிலே எத்தனை புகைபோக்கி தெரியுது, பார்த்துச் சொல்லு."

"நாலு. எதுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. குத்துவிளக்கை மலையேற்றுவதற்காக அவள் கூடத்தைக் கடந்து போனாள். கொலுவை நெருங்கி, நீலத்தாளின் அருகே குனிந்தவள், அப்படியே நின்றாள்.

"என்னங்க, இதிலே ஒண்ணு காகிதமா?"